பழைய மினி டிராக்டர், ஐந்து மாத ரிப்பேர்: எது கெட்டது, ஏன் கெட்டது

2022 மே மாதம் ஒரு பழைய மினி டிராக்டர் வாங்கினேன். 24 எச்.பி., மூன்று சிலிண்டர், 4 வீல் டிரைவ், 2014 மாடல். விலை 2,65,000 ரூபாய். மீட்டர் 1,140 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. வாங்கிய நாலாவது நாள் ரோட்டவேட்டர் (பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டும்போது பாதி வயலில் நின்றது. அன்று தொடங்கிய ரிப்பேர் அக்டோபரில்தான் முடிந்தது. செலவு மொத்தம் 61,930 ரூபாய், அதாவது வாங்கிய விலையில் கிட்டத்தட்ட கால்வாசி. அதில் 15,200 ரூபாய் தேவையே இல்லாமல் செய்த செலவு. இதே மாதிரி வண்டி பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது படித்தால், குறைந்தபட்சம் அந்த 15,200 ரூபாயாவது அவர்களுக்கு மிஞ்சும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். கம்பெனிப் பெயரும் விற்றவர் பெயரும் இதில் வராது. கெட்டுப்போன எதுவும் கம்பெனி செய்த தப்பால் கெட்டதில்லை.

எங்கள் நிலம் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஐந்தரை ஏக்கர். மஞ்சள், வாழை, ஓரத்தில் தென்னை. வாழைக்கு நடுவில் ஆறடி இடைவெளி, பெரிய டிராக்டர் உள்ளே நுழையாது. வாடகைக்கு மினி டிராக்டர் கூப்பிட்டால் சீசனில் பத்து நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். புது வண்டி வாங்க மனசு வரவில்லை, கடன் இல்லாமல் முடியாது. அதனால் கரூர் பக்கம் ஒரு புரோக்கரிடம் பழைய வண்டி பார்த்தோம். 4 வீல் டிரைவ் வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன், எங்கள் மண் களி கலந்தது, பின் சக்கரம் மட்டும் இழுக்கிற மினி டிராக்டர் ஈரத்தில் சுழன்றுகொண்டே நிற்கும்.

பார்க்கப் போன அன்று நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனபோதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "ரெடியா ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கோம், ஏறி ஓட்டிப் பாருங்க" என்றார்கள். ஏறினேன், ரோட்டில் இரண்டு ரவுண்டு ஓட்டினேன், பின்னால் கருவியைத் தூக்குகிற ஹைட்ராலிக் லிஃப்டைத் தூக்கி இறக்கினேன். எல்லாம் நன்றாக இருந்தது. சூடான டீசல் என்ஜின் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஹைட்ராலிக் ஆயில் சூடாகி இளகியிருந்தால் லிஃப்ட் சத்தம் போடாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்வதைப் பார்க்க வேண்டும், என்ஜின் மேல் கை வைத்து ஜில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

இரண்டாவது தப்பு, நம்பர் பிளேட்டைப் படிக்கத் தெரியாமல் இருந்தது. வண்டி டி.என். 50, திருவாரூர் பதிவு. டெல்டா வண்டி. அங்கே ஒரு மினி டிராக்டர் எட்டு வருஷம் என்ன வேலை செய்திருக்கும்? சேற்றுழவு. கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி, முழங்கால் தண்ணீரில், குறுவைக்கும் சம்பாவுக்கும். காய்ந்த தோட்டத்தில் ஓடிய 1,000 மணி நேரமும் சேற்றில் ஓடிய 1,000 மணி நேரமும் ஒன்றல்ல. இந்த ஒரு கேள்வியை அன்றே யோசித்திருந்தால் பின்னால் வந்த பாதிப் பிரச்சினையை வாங்கும்போதே கண்டுபிடித்திருப்பேன், விலையிலும் குறைத்திருப்பேன்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 1,140 மணி என்பதை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் டேஷ்போர்டு ஸ்க்ரூக்களின் தலை எல்லாம் கீறியிருந்தது. கிளட்ச் பெடலில் ரப்பர் இல்லை, இரும்பே பளபளவென்று தேய்ந்திருந்தது. பின்னால் கருவியைத் தாங்குகிற லோயர் லிங்க் கைகளில் இருக்கிற உருண்டைகள் கடகடவென ஆடின, கருவியைச் சுற்ற வைக்கிற பி.டி.ஓ. ஷாஃப்டின் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. இதெல்லாம் 1,140 மணியில் வராது. 3,000 மணிக்குக் குறையாது என்று பிறகு எங்கள் மெக்கானிக் சொன்னார்.

பாதியில் நிற்கிற என்ஜின்

இதுதான் முதல் பிரச்சினை, அதிகம் அலைய வைத்ததும் இதுதான்.

காலையில் ஸ்டார்ட் ஆகும். ரோட்டவேட்டர் போட்டு ஓட்டினால் அரை மணி நேரம் நன்றாக இழுக்கும். அப்புறம் என்ஜின் சத்தம் மெதுவாக இறங்கும், ஆக்சிலரேட்டர் கூட்டினாலும் ஏறாது, இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். உடனே செல்ஃப் அடித்தால் பிடிக்காது. கால் மணி நேரம் விட்டு அடித்தால் பிடிக்கும். மறுபடி கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும்.

புகை இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவில். ஆயில் பிரஷர் சரி. மெதுவாக மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்தால் டீசல் சரியாகப் போகவில்லை என்பது தெளிவு, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே தடை என்பதுதான் கேள்வி.

முதல் மெக்கானிக் இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றி, டீசல் குழாயில் சிக்கிய ஏர் எடுத்தார். 1,450 ரூபாய். இரண்டு நாள் கழித்து அதே கதை. டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பில் டயாஃப்ரம் வீக் என்று மாற்றினார், 950. மாற்றமில்லை. "சூடு ஏறினதும் பம்ப்ல பிளஞ்சர் லூஸ் ஆகுது, அதான் நிக்குது, ஆறினதும் ஓடுது" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. தேய்ந்த டீசல் பம்பில் உண்மையாகவே அப்படி நடக்கும், சூடான டீசல் இளகி, தேய்ந்த பிளஞ்சர் (பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளுகிற தண்டு) பக்கமாகக் கசிந்து பிரஷர் குறையும். பம்பையும், என்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசிலையும் கழற்றி ஈரோட்டில் பம்ப் சர்வீஸுக்குக் கொடுத்தோம். மூன்று நாசில் 4,200, பம்ப் சர்வீஸ் 8,600. ஒரு வாரம் வண்டி ஷெட்டில். திரும்ப மாட்டி ஓட்டினேன். முப்பத்தெட்டாவது நிமிஷம் நின்றது. அன்று வரப்பில் உட்கார்ந்து நிஜமாகவே அழுகை வந்தது, மஞ்சள் நட வேண்டிய நிலம் பாதி உழுது பாதி உழாமல் கிடக்கிறது, ஆள் வேறு சொல்லிவைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு எடுத்தேன், என்ன வேலை, டீசல் எவ்வளவு இருந்தது, எப்போது நின்றது, எவ்வளவு நேரத்தில் மறுபடி பிடித்தது. ஒன்பது நாள் எழுதினேன். எழுதியதைச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, வண்டி நின்றது பெரும்பாலும் காலையில். வெயில் கொளுத்துகிற மத்தியானம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடியிருக்கிறது. சூட்டால் வருகிற கோளாறாக இருந்தால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? இரண்டு, நின்ற ஒவ்வொரு முறையும் டேங்க் கிட்டத்தட்ட நிறைய இருந்தது. பாதி டேங்கில் ஒரு தடவை கூட நிற்கவில்லை. நான் தினமும் காலையில் டேங்க் நிரப்பிவிட்டுத்தான் எடுப்பேன், அதனால்தான் காலையில் நின்றிருக்கிறது.

டீசல் நிறைய இருந்தால் நிற்கிறது, குறைந்தால் ஓடுகிறது. இது எனக்குப் புரியவே இல்லை. டேங்க் அடியில் குப்பை அடைத்தால்கூட நேர்மாறாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தோட்டத்தில் வேலை செய்கிற தம்பியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீசல் ஊற்றுவது அவன்தான். அவன் சாதாரணமாகச் சொன்னான், "அண்ணா, இந்த மூடி ரொம்ப டைட்டுங்ண்ணா. வண்டி நின்னப்ப ஒரு நா டீசல் இருக்கான்னு தெறந்து பார்த்தேன், உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சுங்க. எல்லா வண்டியிலயும் அப்படித்தானோன்னு விட்டுட்டேன்."

நோட்டைப் புரட்டினேன். அந்த நாள் இருந்தது. அன்று மட்டும் கால் மணி நேரம் காத்திருக்காமல் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

டேங்க் மூடி கம்பெனி மூடி இல்லை. சாவி போட்டுப் பூட்டுகிற மூடி, வெளியில் வாங்கி மாட்டியது. டீசல் திருட்டுக்குப் பயந்து முன்னால் வைத்திருந்தவர் மாட்டியிருப்பார், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதில் காற்று போகிற துளை இல்லை. என்ஜின் டீசலை இழுக்க இழுக்க, காலியாகிற இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். வர வழி இல்லையென்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஃபீட் பம்பால் அதை எதிர்த்து இழுக்க முடியாது. டேங்க் நிறைய இருக்கும்போது மேலே கொஞ்சம்தான் காற்று, எங்கள் 23 லிட்டர் டேங்கில் ஒரு இரண்டு லிட்டர் இடம் இருக்கும். ரோட்டவேட்டர் ஓட்டினால் மணிக்கு மூன்று லிட்டர் குடிக்கிறது, அரை மணியில் ஒன்றரை லிட்டர் போனால் அந்தக் கொஞ்சக் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்துக்கு விரிய வேண்டும், இழுவை பலமாகிவிடும். பாதி டேங்கில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் காற்று இருக்கிறது, அதே ஒன்றரை லிட்டர் அங்கே பெரிய மாற்றம் செய்யாது. கால் மணி நேரம் விட்டால் மூடி ரப்பர் ஓரமாகக் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போய்விடும், வண்டி பிடிக்கும். டேங்கின் பக்கத்தகடு லேசாக உள்ளே குழிந்திருந்ததை நான் வாங்கின அன்றே பார்த்தேன், எங்கேயோ இடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இடித்தது இல்லை, உள்ளிருந்து இழுத்தது.

சோதனை செய்வது சுலபம். டேங்கை நிரப்பி, மூடியைத் திருகாமல் சுத்தமான துணியை மேலே போர்த்திக் கட்டிவிட்டு ஓட்டினேன். இரண்டே கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. மறுநாள் மூடியைத் திருகி ஓட்டினேன், முப்பத்தைந்தாவது நிமிஷம் சத்தம் இறங்கியது, ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி மூடியைத் தளர்த்தினேன், உஸ்ஸென்று ஒரு இழுப்பு, பத்து விநாடியில் என்ஜின் பழையபடி உறுமியது. துளை உள்ள மூடி 340 ரூபாய்.

முதல் மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வருகிற நேரத்தில் வண்டி கால் மணி ஆறி ஓடத் தயாராக இருக்கும், நின்ற அந்த நிமிஷத்தை அவர் பார்த்ததே இல்லை. பார்த்தவன் நான், ஆனால் அவரிடம் நான் சொன்னது "சூடானா நிக்குதுங்க" என்கிற என் முடிவை. கோளாறைச் சொல்ல வேண்டிய இடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டேன், அவர் அந்த வழியிலேயே போனார்.

மோர் நிறத்தில் ஆயில்

இதற்கு நடுவிலேயே ஹைட்ராலிக் தொல்லை ஆரம்பித்திருந்தது. காலையில் முதல் முறை லிஃப்ட் தூக்கும்போது சீட்டுக்கு அடியில் ஒரு முனகல், ரோட்டவேட்டர் ஒரே சீராக ஏறாமல் விட்டுவிட்டு ஏறும். கொஞ்ச நேரம் ஓடினால் முனகல் குறையும். ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து என்ஜினை நிறுத்தினால் ஐந்தாறு நிமிஷத்தில் தரையைத் தொட்டுவிடும்.

இந்த முறை எதையும் மாற்றுவதற்கு முன்னால் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். ஆயில் தெளிவாக இல்லை, மோரில் மஞ்சள் கலந்த மாதிரி கலங்கல். இரண்டாவதாக வந்த மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய தகட்டை அடுப்பில் காய வைத்து இரண்டு சொட்டு விட்டார். சடசடவென்று பொரிந்தது. தண்ணீர் இல்லாத ஆயில் புகையும், பொரியாது. ராத்திரி முழுக்க வண்டியைச் சமமான தரையில் நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல், ஆயில் வடிக்கிற அடி நட்டை லேசாகத் தளர்த்தினோம். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது, அளந்தால் ஒன்றரை லிட்டர். ஆயிலோடு கரைந்து கலந்திருந்தது தனி.

இந்த மாதிரி சின்ன வண்டிகளில் பெரும்பாலும் கியர், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயிலில் மூழ்கிய பிரேக் இருந்தால் பிரேக்குக்கும் அதேதான். அதனால் ஒரு இடத்தில் தண்ணீர் நுழைந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். எங்கள் வண்டியில் கியர் லீவர் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது, பி.டி.ஓ. ஷாஃப்ட் ஆயில் சீல் கடினமாகிப் பிளந்திருந்தது. சேற்றுழவில் தண்ணீர் நேராக உள்ளே போயிருக்கிறது. அதற்கு மேல் யாரோ அளவு குறைந்தபோது சாதாரண 90 கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்றும் அண்ணன் முகர்ந்து பார்த்துச் சொன்னார், அந்த ஆயிலுக்கு ஒரு தனி வாடை உண்டு. அது ஹைட்ராலிக் பம்புக்கு ரொம்பக் கெட்டி, பிரேக் பிளேட்டுக்கும் ஒத்துவராது.

உள்ளே இருக்கிற சக்ஷன் ஜல்லடையைக் கழற்றினோம். பாதிக்கு மேல் சேறும் ரப்பர் துணுக்கும் பசை மாதிரி அப்பியிருந்தது. முனகலுக்குக் காரணம் அதுதான். பம்ப் ஆயிலை இழுக்கிறது, ஜல்லடை விடவில்லை, பம்புக்குள் ஆயிலுக்குப் பதில் குமிழி. காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் அப்போது சத்தம் அதிகம். கரூரில் சூடான வண்டியில் லிஃப்ட் சத்தமே இல்லாமல் ஏறியதற்கும் இதுதான் காரணம்.

கம்பெனி புத்தகத்தில் சொன்ன டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில் 22 லிட்டர் ஊற்றி, நாலு மணி நேரம் வண்டியை ஓட்டி எல்லா கியரும் போட்டு, லிஃப்டைப் பல முறை ஏற்றி இறக்கி, சூடாக இருக்கும்போதே வடித்தோம். அதுவும் லேசாகக் கலங்கியே வந்தது. மறுபடி 22 லிட்டர். இரண்டு முறை ஊற்றுவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, லிட்டர் 260 ரூபாய். ஆனால் ஒரு தடவையில் மூலை முடுக்கில் இருக்கிற தண்ணீர் வெளியே வராது. ஆயில், சீல், உறை, லிஃப்ட் பிஸ்டன் ஓ-ரிங், கூலி எல்லாம் சேர்த்து 16,340. தூக்கி வைத்த ரோட்டவேட்டர் இப்போது அரை மணி நேரத்தில் நாலு விரல் அகலம்தான் இறங்குகிறது. எப்படியும், தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் கட்டை முட்டுக்கொடுக்காமல் யாரும் கை வைக்காதீர்கள். லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பி விரலை விடக்கூடாது.

முன் ஆக்சில்: யாரும் சொல்லாத டயர் கணக்கு

4 வீல் டிரைவ் வேண்டும் என்று தேடி வாங்கினேன், ஆனால் முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கிற அந்த லீவரைப் போட்டால் ஸ்டியரிங் கனத்துப்போகும். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வருகிற தார் ரோட்டில் மறந்து லீவரோடு வந்துவிட்டால் பிறகு லீவர் எடுக்கவே வராது, கொஞ்சம் பின்னால் எடுத்தால் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விடும். முன் டயர் பட்டைகள் ரம்பப் பல் மாதிரி ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தன. வலது பக்கம் சக்கரத்தின் உள்புறம் ஆயில் கசிவு.

சீல் மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். மெக்கானிக் அண்ணன்தான் "சீல் ஏன் போச்சுன்னு பார்க்காம மாத்தினா ஆறு மாசத்துல மறுபடி வருவீங்க" என்றார்.

மினி டிராக்டரில் முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. இரண்டையும் ஒரே கியர்பாக்ஸ் சுற்றுகிறது. பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன் சக்கரம் எத்தனை சுற்ற வேண்டும் என்பதை வண்டி செய்யும்போதே பல் கணக்கில் முடிவு செய்துவிடுகிறார்கள், டயர் அளவை வைத்துத்தான் அந்தக் கணக்கு. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒரு பொட்டு வேகமாக, சாதாரணமாக 1 முதல் 5 சதவீதம், தரையை உருட்டிப் போகிற மாதிரி வைப்பார்கள், அப்போதுதான் முன்னால் இழுக்கும். டயர் அளவு மாறினால் இந்தக் கணக்கு உடையும்.

நாங்கள் இப்படி அளந்தோம். உழுத புழுதி மண்ணில், பின் சக்கரத்திலும் முன் சக்கரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டு, லீவர் போடாமல் பின் சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று சுற்றுகிற தூரம் ஓட்டினோம். முன் சக்கரம் 16.2 சுற்று சுற்றியது. லீவரைப் போட்டு அதே பத்துச் சுற்று ஓட்டினால் முன் சக்கரம் 15.2 சுற்று. அதாவது தரைக்கு 16.2 தேவை, கியர் கொடுப்பது 15.2. முன் சக்கரம் 6 சதவீதம் பின்தங்குகிறது. முன்னால் இழுக்க வேண்டிய சக்கரம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, பின் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. புழுதியில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தார் ரோட்டில் சறுக்க முடியாது, அந்த முறுக்கம் முழுக்க ஷாஃப்டிலும் முன் ஆக்சில் பல்லிலும் ஏறும். லீவர் எடுக்க வராததும் அந்த முறுக்கத்தால்தான், பின்னால் எடுத்தால் முறுக்கம் அவிழ்ந்து "டக்" என்று விடுகிறது.

காரணம் டயரிலேயே எழுதியிருந்தது. புத்தகத்தில் முன் டயர் 6.00-12. வண்டியில் இருந்தது 5.00-12. ரிம் 12 இஞ்ச்தான், மாட்டினால் உட்கார்ந்துவிடும், விலையும் கம்மி. பார்க்க வித்தியாசம் தெரியாது. ஆனால் தரையில் உருட்டி அளந்தால் ஒரு சுற்றுக்கு 1.82 மீட்டர், சரியான டயரில் 2 மீட்டர் வரும். பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.95 மீட்டர். இந்த மூன்று எண்ணை வைத்து யாரும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், சரியான டயரில் முன் சக்கரம் 3 சதவீதம் முன்னால் போகும்.

ஆக்சிலைப் பிரித்தபோது வலது பக்கப் பெவல் கியரில் பற்களின் முகம் பொட்டுப்பொட்டாகப் பெயர்ந்திருந்தது, பேரிங்கில் துரு, உள்ளே ஆயிலோடு சேற்றுத் தண்ணீர். இடது பக்கம் பரவாயில்லை. ஒரு ஜோடி கியர், பேரிங், சீல், கூலி 18,700. இரண்டு புது டயர் 9,200. டயர் மாற்றிய பிறகு அதே சாக்பீஸ் சோதனை, லீவர் இல்லாமல் 14.8 சுற்று, லீவரோடு 15.2. அன்று மாலை ஈரமான வாழைத் தோட்டத்தில் லீவரைப் போட்டேன், ஸ்டியரிங் ஒரு கையால் திரும்பியது. இந்த வண்டியை வாங்கியதற்கு முதல் முறையாகச் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

4 வீல் டிரைவ் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் நாலு டயரின் அளவையும் போட்டோ எடுத்து, கம்பெனி புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவருக்கே இது பெரும்பாலும் தெரியாது, அவர் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

மற்றவை

செல்ஃப் சில நாள் "டிக்" என்று மட்டும் சத்தம் கொடுத்தது. பேட்டரி மாற்றச் சொன்னார்கள், இந்த முறை நான் மசியவில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்குப் போகிற எர்த் ஒயரைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் முழுக்கப் பச்சைத் துரு. தேய்த்துச் சுத்தம் செய்து புது ஒயர் போட்டு, செல்ஃபில் கார்பன் மாற்றி 1,100 ரூபாயோடு முடிந்தது. அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது.

ரேடியேட்டர் வெளியில் சுத்தமாக இருந்தது, ஃபேன் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை. உமியும் மண்ணும் நடுவில் இறுகியிருந்தன. உள்ளிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் அடிக்க வேண்டும், வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் கிட்டத்தில் வைத்தால் மெல்லிய தகடெல்லாம் மடிந்துவிடும். இரண்டு ஹோஸ், கூலன்ட் சேர்த்து 1,050.

ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு அப்படியே இருந்தது. கடன் முடிந்திருந்தது, ஆனால் ரத்து செய்யவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான், கடன் பதிவை நீக்குகிற படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் இல்லாமல் பெயர் மாற்றம் நகரவில்லை. முதல் உரிமையாளரைத் தேடிப் பிடித்து அதை வாங்க ஏழு வாரம் ஆனது. அவரோடு பேசியது வேறு ஒரு வகையில் உதவியது. நான் கேட்டதற்கு அவர் ஒளிக்காமல் சொன்னார், "ஆமாங்க, நாத்தங்காலுக்கும் நடவுக்கும் அதுதான் எங்க ஊர்ல ஓடுச்சு, வாடகைக்கும் விட்டேன். டயரு போன வருஷம் மாத்தினேன், கடைக்காரர் இதுவும் பொருந்தும்னாரு." மூடியைப் பற்றியும் கேட்டேன். ராத்திரி வயலில் வண்டி நிற்கும், டீசல் காணாமல் போகும், அதனால் மாட்டியது என்றார். அவருக்கு வண்டி பாதியில் நின்றதே இல்லையாம். எப்போதும் ஐந்து லிட்டர் கேனில்தான் டீசல் வாங்கி ஊற்றுவாராம், டேங்க் நிரப்பியதே இல்லை.

என்ஜின் மட்டும் இதுவரை கைவிடவில்லை. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, பிரீதரில் (என்ஜின் உள்காற்றை வெளியே விடுகிற குழாய்) புகை இல்லை, ஆயில் குறைவதில்லை. அது மட்டும் மோசமாக இருந்திருந்தால் இந்த வண்டியை நான் பழைய இரும்புக்குத்தான் போட்டிருப்பேன்.

இப்போது பாக்கி இருப்பது ஒன்று. இடது பக்க முன் ஆக்சிலைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதே கியரோடு மூடினோம், அதன் பல்லிலும் இரண்டு சின்னப் பொட்டு இருந்தது. அந்தப் பக்க அடி நட்டில் காந்தம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு 100 மணிக்கும் நட்டைக் கழற்றி, ஒட்டியிருக்கிற இரும்புத் தூளைத் துணியில் துடைத்து, அந்தத் துணியைத் தேதி போட்டு ஒரு டப்பாவில் வைக்கிறேன். நாலு துணி சேர்ந்திருக்கிறது. முதல் துணியில் இருந்த கறுப்பு கடைசித் துணியில் பாதிதான்.